எழுபது கொண்டை ஊசியும் மேடவாக்கம் சிக்னலும்

5 செப்டம்பர் 2025, வெள்ளி: மேடவாக்கம் – ஆத்தூர் – காரவள்ளி

மிலாது நபி விடுமுறை வெள்ளிக்கிழமை வந்ததால் சென்னையில் பாதிப் பேர் வியாழன் இரவே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். மீதிப் பேர் எங்களோடு சேர்ந்து விடிகாலையில் கிளம்பினார்கள். கொல்லிமலை மனைவியின் தேர்வு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் நான் தலையாட்டினேன். பின்சீட்டில் மச்சினனும் என் பையனும்.

வண்டி 2022 மாடல் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி. ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 150 குதிரைத்திறன், தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏழு கியர் டிஎஸ்ஜி. வாங்கிய நாளிலிருந்து எங்கே நிறுத்தினாலும் ஒரே கேள்வி: “எவ்வளவு தருது?” காவலாளி கேட்பார், டாக்டர் கேட்பார், பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்பார். வேகமான வண்டி வைத்திருப்பவன் வாயால் ஒற்றை இலக்க எண்ணைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. மச்சினனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அவனிடம் ஸ்விஃப்ட் இருக்கிறது.

மைலேஜ் சோதனைச் சான்றிதழில் இருக்கும் எண் லிட்டருக்கு 18.67 கிலோமீட்டர். அது பொய்யில்லை. ஆனால் அது உருளைகளின் மேல் நின்றபடி சக்கரம் சுற்றிய வண்டியின் எண். சுமார் 20 நிமிடம் ஓடும் சோதனை, ஏசி கிடையாது, உச்ச வேகம் 90, எப்போது ஏற வேண்டும் எப்போது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணை. அந்த அட்டவணையில் பெருங்களத்தூர் வராது.

எங்களுக்கு வந்தது. நாலே முக்காலுக்கு மேடவாக்கத்தில் ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டும் தாம்பரம் தாண்டியதும் ஊர்வலம்தான். வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று பேர் பேராக நின்றோம். பரனூர் சுங்கச்சாவடியைத் தொட்டபோது திரையில் 10.4. மச்சினன் பின்னாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது மைலேஜா, இல்ல நேரமா?” என்றான். சுங்கச்சாவடியில் மட்டும் கவலை இல்லை. ஆகஸ்ட் 15 அன்று வந்த மூவாயிரம் ரூபாய் வருடப் பாஸ் போட்டிருக்கிறேன். கை பர்ஸுக்குப் போகாததால் மனசுக்கு இலவசமாகப் போவதுபோல இருக்கிறது. மூவாயிரம் ஏற்கெனவே போய்விட்டது, அது வேறு விஷயம்.

அச்சிறுபாக்கத்துக்கு அப்புறம் டிகிரி காப்பிப் பலகைகள் ஆரம்பம். பித்தளை டவரா, நாற்பது ரூபாய், நுரை மட்டும் முக்கால் டம்ளர். குடித்துவிட்டு ஏறியதும் சாலை விட்டுக்கொடுத்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 90-ஐத் தாண்டாமல் பிடித்தேன். இந்த என்ஜினுக்கு ஒரு பழக்கம் உண்டு: பாரம் குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களில் நடு இரண்டையும் தூங்கவிட்டுவிட்டு மற்ற இரண்டோடு ஓடும். சத்தத்தில் தெரியாது, திரையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும், அவ்வளவுதான். சமதளம், சீரான வேகம், மெதுவான கால் மூன்றும் சேர்ந்தால்தான் வரும். விழுப்புரம் புறவழிச்சாலையில் அந்தத் துண்டுக்கு மட்டும் 18.6 காட்டியது. மச்சினன் வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பும் இடத்தில் சாவி கைமாறியது. ஸ்விஃப்ட் வைத்திருப்பவன் 150 குதிரை கையில் கிடைத்ததும் என்ன செய்வானோ அதைச் செய்தான். கியரை ‘எஸ்’ஸுக்கு, அதாவது ஸ்போர்ட்டுக்கு, தட்டி, காலியான இடத்திலெல்லாம் 115, 120. இந்தச் சாலையில் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளில் பல இடங்களில் நாலு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பிரேக், அது முடிந்ததும் மறுபடி மிதி. தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் எல்லாம் பறந்தன. ஆத்தூரில் இறங்கியபோது அவன் ஓட்டிய பகுதிக்கு 12.8. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. இதை நான் விளக்க ஆரம்பித்ததும் என் மனைவி, “முதல்ல சாப்பிடலாம்” என்றாள். அந்த அளவுக்கு வேகமாக ஓட்டி மிச்சம் பிடித்த நேரம் கால் மணிக்கும் குறைவு. இலை போடக் காத்திருந்ததிலேயே அது தீர்ந்துவிட்டது.

ஆத்தூர் மெஸ்ஸில் சாப்பாடு 130 ரூபாய். பரிமாறிய அம்மாள் பையனின் இலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே காரமில்லாத பருப்பும் நெய்யும் கொண்டுவந்து வைத்தார். ரசம் வேண்டாம் என்ற என்னிடம், “வண்டி ஓட்டறவங்க ரசம் ஊத்திக்கணும்” என்று ஊற்றிவிட்டுப் போனார். மறுப்பதற்கு இடமே இல்லாத உபசரிப்பு. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் மரவள்ளி. இந்தக் கிழங்குதான் சேலத்து ஜவ்வரிசியாகிறது.

நாமகிரிப்பேட்டை வழியாக வந்து, மலை ஏறுவதற்கு முன் காளப்பநாயக்கன்பட்டி பக்கம் ஒரு பங்கில் மறுபடி டேங்கை நிரப்பினேன். கணக்குப் பார்க்க வேண்டும், ஆட்டோ கட்டோடு நிறுத்துங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். பங்க் பையன் பணிவாகத் தலையாட்டினான். கட் ஆனது. என்னைப் பார்த்தான். “ரவுண்டாப் போட்டுடவா சார்?” என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டான். 2,200 ரூபாய், 21.7 லிட்டர். 352 கிலோமீட்டருக்கு 16.2. திரை காட்டிய சராசரி 17.1. கார்த் திரைகள் பொதுவாகவே கொஞ்சம் முகஸ்துதி செய்யும். என்னுடையது ஐந்து சதவீத அளவுக்குச் செய்கிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் வரும் திரை எண்களிலெல்லாம் அந்த ஐந்து சதவீதத்தைக் கழித்துப் படிக்கவும்.

பக்கத்து டீக்கடையில் எத்தனால் பஞ்சாயத்து. ஸ்ப்ளெண்டரில் சாய்ந்திருந்த ஒருவர், பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் வந்ததிலிருந்து தன் வண்டி முன்போல் ஓடவில்லை என்றார். திங்கள்கிழமைதான் உச்ச நீதிமன்றம் அது பற்றிய வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தது, அதனால் பேச்சு சூடு. இன்னொருவர், “கார் மேல ஜிஎஸ்டியைக் குறைக்கறாங்களாம், பெட்ரோல் மேல மட்டும் கைய வெக்க மாட்டாங்க” என்றார். இரண்டு நாளுக்கு முன் வந்த அறிவிப்பு, 22-ஆம் தேதியிலிருந்து அமல். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கேள்வி கேள்விதான்.

எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் அடிபடும். பழைய கலவைக்கு ஏற்ப அமைத்த கார்களுக்கு ஆறேழு சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையிலேயே இருக்கிறது. எனக்கும் அது எரிச்சல்தான். ஆனால் ஒரே நாளில் அதே டேங்க் பெட்ரோலில் 10.4-ம் 18.6-ம் பார்த்தவனுக்கு, ஆறு சதவீதத்தின் மேல் முழுப் பழியையும் போட மனம் வரவில்லை.

அதே நாள் மாலை: காரவள்ளி – செம்மேடு

மலையடிவாரத்துக் காரவள்ளி சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன்.

கொல்லிமலை வளைவுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேர்ச்சாலை என்று நினைத்துக் காலை அழுத்துவதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டு. இங்கேதான் இந்த என்ஜினின் குணம் தெரிகிறது. நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால் கத்தாமல் ஏறுகிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பங்க்காரருக்குக் கப்பம் கட்டுகிறேன் என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. பின்சீட்டில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலேயிருந்து ஒரு அரசுப் பேருந்து வந்தது. வளைவுக்கு முன்பே நின்று, ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ‘வா வா’ என்றார். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது இங்கே ஒழுங்காக நடக்கிறது. நன்றி சொல்ல ஹார்ன் அடித்தேன். எதற்கு அடிக்கிறாய் என்பதுபோல் பார்த்தார். மோட்டார் சைக்கிளில் கும்பலாக வந்த பெங்களூர்ப் பையன்கள்கூட வரிசையாகத்தான் இறங்கினார்கள்.

பாதிக்கு மேல் தாண்டியபோது பையன் ஆத்தூர்ப் பருப்பையும் நெய்யையும் திருப்பிக் கொடுத்தான். பை தயாராக இருந்தது, பாதி பையில், பாதி மச்சினன் கால்சட்டையில். ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, பத்து நிமிடம் போனது. என்ஜினை அணைத்துவிட்டேன். “இப்பவும் பெட்ரோல் கணக்கா?” என்று மனைவி கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஏற்றம் முடியும் சோளக்காட்டில் திரை 6.7 காட்டியது. மச்சினனுக்குத் திருவிழா. ஒற்றை இலக்கத்தைப் புகைப்படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டுவிட்டான்.

ஆனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆளும் மூட்டையும் சேர்த்து ஒன்றரை டன் எடையைக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் மேலே தூக்கியிருக்கிறோம். அதற்குத் தேவையான ஆற்றலைக் கணக்குப் போட்டு, பெட்ரோலில் முப்பது சதவீதம்தான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டால், தூக்குகூலி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். யார் தூக்கினாலும் அதுதான் கூலி. ஸ்விஃப்ட்டுக்கு எடை குறைவு என்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

செம்மேட்டில் அறை 2,200 ரூபாய். சாதாரண நாளில் பாதிதான் இருக்கும் என்று அறையைப் பார்த்தால் தெரிந்தது. ஏழு மணிக்கு மழை பிடித்து, ஏழேகாலுக்குக் கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோசையும் நாட்டுக்கோழிக் குழம்பும். கோழி வெந்ததா இல்லையா என்று பார்க்க முடியாத இருட்டு; சுவைக்குக் குறையில்லை.

6 செப்டம்பர், சனி: ஆகாய கங்கை, இறக்கம், நாமக்கல், சேலம்

காலையில் கண்ணாடி முழுக்கப் பனித்துளி, வெளியே சட்டைக்கு மேல் சட்டை தேவைப்படும் குளிர். சென்னையில் ஏசிக்குக் கொடுக்கும் பெட்ரோலை நினைத்துக்கொண்டே ஜன்னலை இறக்கி ஓட்டினேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி வழியாகப் போய்ப் புற்றிலிருந்த உடும்பில் நின்றது என்று சங்கப் பாட்டு சொல்கிறது. ஓர் அம்புக்கு ஐந்து. இந்த மலையில் சிக்கனத்துக்கான சாதனை அப்போதே முடிந்துபோன விஷயம்.

வழியெல்லாம் முடவாட்டுக்கால் சூப் கடைகள். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே ரோமம் போல இருக்கும், பார்க்க ஆட்டுக்கால் மாதிரி. மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு கோப்பை முப்பது ரூபாய். முட்டிவலி போகும் என்றார் கடைக்காரர். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி, அதைக் குடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறி வந்தபின் இன்னொரு தடவை குடிக்க வேண்டும் என்று அவரே சொன்னார். வியாபாரம் தெரிந்தவர். அவர் சொன்னபடியே செய்தோம். அருவியில் தண்ணீர் கொட்டிய வேகத்தில் பேச்சுக் கேட்கவில்லை, முதுகில் கல் விழுவதுபோல் அடி. ஏறும்போது என் மூச்சு வாங்கியதைப் பார்த்து ஒரு பாட்டி, தலையில் விறகுக்கட்டோடு, “மெதுவா வா சாமி, படி எங்கயும் போயிடாது” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

அறப்பளீசுவரர் கோயிலில் கும்பல். மறுநாள் இரவு சந்திர கிரகணம் என்பதால் ஞாயிறு நடை சீக்கிரம் சாத்துவார்கள் என்று எல்லோரும் இன்றே வந்துவிட்டார்கள். சாமை அரிசி இரண்டு கிலோ, மிளகு அரைக் கிலோ வாங்கினோம். மிளகு கிலோ 800 என்றார், பேரம் பேசியதும் மிளகைக் கையில் கொஞ்சம் அள்ளிக் கொடுத்து, “கடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க” என்றார். கடித்தபின் பேச முடியவில்லை.

மூன்று மணிக்கு இறக்கம். இதற்காகத்தான் காத்திருந்தேன். டிரிப் மீட்டரை மறுபடி பூஜ்யமாக்கினேன். சோளக்காட்டில் நிறுத்தியிருந்த வாடகை வேன் ஓட்டுநர் ஒருவர் கியர் இல்லாமல் வண்டியை உருட்டிவிடலாம், பெட்ரோல் மிச்சம் என்று வேறொரு கார்க்காரருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். எதிர்த்துப் பேச விருப்பமில்லை, ஆனால் இது பழைய காலத்துக் கணக்கு. கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றிவிடும். வண்டியின் கணினி, பெட்ரோல் பீச்சும் ஊசித்துளைகளை மூடிவிடும். பெட்ரோல் ஒரு சொட்டுகூடப் போகாது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் வேண்டும். அதைவிட மோசம், வண்டியைப் பிடித்து நிறுத்தும் முழு வேலையும் பிரேக்கின் தலையில் விழும்.

பாதி வழியில் அந்தப் பாடத்துக்குச் செய்முறை விளக்கம் கிடைத்தது. முன்னால் போன கார் ஒன்றின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. ஓரமாக நிறுத்தி, குடும்பமே இறங்கி நின்று, ஒருவர் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றப் போனார். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும், அரை மணி நேரம் சும்மா விடுங்கள் என்று சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு, எங்களுக்கு ஆளுக்கொரு மலைவாழைப்பழம் கொடுத்தார்.

நான் கையால் கியர் மாற்றும் முறையில் இரண்டையும் மூன்றையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். காரவள்ளியில் திரை 46.3. மச்சினன் இதைப் புகைப்படம் எடுக்கவில்லை. நானே எடுத்து அதே குழுவில் போட்டேன்.

ஏறியதற்கும் இறங்கியதற்கும் சேர்த்துப் பார்த்தால் திரைக் கணக்கில் 44 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர். சராசரி பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேல். எழுபது கொண்டை ஊசியை ஏறி, அதே எழுபதை இறங்கி, 11.7. இந்த எண் எனக்கு உறுத்தியது, ஏனென்றால் என் ஆபீஸ் பாதையில் இதை நான் பார்த்ததே இல்லை. மலை, வாங்கியதில் ஒரு பகுதியையாவது இறங்கும்போது திருப்பிக் கொடுக்கிறது.

நாமக்கல்லில் ஆஞ்சநேயரை வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு டீ. லாரி ஊர் இது. டீக்கடையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு லாரியோடு ஏதோ சம்பந்தம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். நான் எல்லா எண்களையும் ஒப்பித்தேன். சிரித்தார். அவரிடம் இருக்கும் லாரிகள் பாரத்தோடு நாலு கொடுத்தால் நல்ல நாளாம். “நாங்க ஓடறதுக்கு டீசல் போடறதைப் பத்திக் கவலைப்படறதில்லீங்க. துறைமுக வரிசையில ராத்திரி முழுக்க நகர்ந்து நகர்ந்து நிக்குது பாருங்க, அங்கதான் லாபம் போகுது” என்றார். டீக்குக் காசு கொடுக்கவிடவில்லை. பையனுக்கு ஒரு அவித்த முட்டையையும் வாங்கிக் கொடுத்தார். நாமக்கல்லுக்கு வந்து முட்டை சாப்பிடாமல் போனால் ஊர்க்குற்றமாம்.

ராத்திரி சேலம். தட்டுவடை செட், ஒரு தட்டு நாற்பது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. மச்சினன் மூன்று தட்டு. அவன் மைலேஜை யாரும் கேட்கவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு: சேலம் – மேடவாக்கம்

கிரகணம் 9.57-க்குப் பிடிக்கிறது, அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். டயர்க் காற்றைப் பார்த்ததில் பின்பக்கம் ஒன்று ஏழெட்டுப் புள்ளி குறைவு; நிரப்பிக்கொண்டேன், காற்றடித்தவர் பத்து ரூபாயை வாங்க மறுத்து இருபதை வாங்கிக்கொண்டார்.

உளுந்தூர்ப்பேட்டை வரை ஸ்டியரிங்கை யாருக்கும் தரவில்லை. 80, 85. ஏசி 25-ல். ஆம்னி வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் ஜன்னல் வழியாகக் குழந்தைகள் கையசைத்தன. ‘ஜிடி’ என்ற சிவப்பு எழுத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மச்சினன் தூங்கிவிட்டான். மனைவி, “இதுக்கு எதுக்கு இந்த வண்டி?” என்றாள். நியாயமான கேள்வி. திரை 21.4. ஐந்தைக் கழித்தாலும் இருபதுக்கு மேல், சான்றிதழைத் தாண்டிவிட்டது. 150 குதிரை வண்டி தன் எண்ணைத் தாண்டுவதற்கு வேண்டியதெல்லாம் காலியான சாலையும், தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துக் கோபப்படாத மனசும்தான். முதலாவது சேலம் சாலையில் கிடைத்தது. இரண்டாவதற்கு நான் கொடுத்த விலை அதிகம்.

விழுப்புரத்தில் சாப்பாடு, சுமார்.

செங்கல்பட்டு வந்ததும் ஊரே திரும்பி வந்துகொண்டிருந்தது. நாலு வழியில் ஆறு வரிசை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரம் வரை, வெள்ளிக்கிழமை நின்ற அதே இடங்களில் எதிர்த்திசையில் நின்றோம். 21.4 கண்ணெதிரே கரைந்தது. நிற்கும்போது என்ஜின் தானாக அணையும் வசதி இருக்கிறது. ஆனால் இந்தப் புழுக்கத்தில் உள்ளே சூடானதும் ஏசிக்காகத் தானாகவே மறுபடி எழுந்துவிடும். ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் போகும். போன தூரம் பூஜ்யம். மைலேஜ் கணக்கில் பூஜ்யத்தைச் சமாளிக்க எந்தத் தொழில்நுட்பமும் கிடையாது.

எட்டரைக்கு மேடவாக்கம் பங்க். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து 527 கிலோமீட்டர், 35.6 லிட்டர். 14.8. ஏறியது, இறங்கியது, மலைமேல் சுற்றியது, ஆமை வேகம், செங்கல்பட்டு எல்லாம் உள்ளடக்கம். மச்சினன் இறங்கும்போது, “பரவாயில்ல மாமா, நான் பத்துன்னு நெனச்சேன்” என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

8 செப்டம்பர், திங்கள்: மேடவாக்கம் – ஓஎம்ஆர்

பயணம் முடிந்ததா என்றால், டிரிப் மீட்டருக்கு அது தெரியாது. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் பதினோரு கிலோமீட்டர். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர், அங்கிருந்து ஓஎம்ஆர் என்ற பழைய மகாபலிபுரம் சாலை. இரண்டு சாலையிலும் மெட்ரோ வேலை. தடுப்புகளுக்கு நடுவே ஒரு வண்டி, ஒரு தண்ணீர் லாரி, ஒரு ஸ்கூட்டர் எல்லாம் ஒரே பாதைக்குப் போட்டி. 8.50-க்குப் புறப்பட்டு 9.52-க்குச் சேர்ந்தேன். சிக்னலில் பூ விற்கும் அம்மாள், கொல்லிமலைச் சேறு ஒட்டியிருந்த வண்டியைப் பார்த்து, “ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா?” என்றார். இரண்டு பச்சை விளக்குகள் கடந்தும் நாங்கள் இருவரும் அங்கேயே இருந்ததால் முழு விவரமும் சொல்ல முடிந்தது.

திரையில் 8.1. சமதளம், ஒரு கொண்டை ஊசிகூட இல்லை.

இந்த ஒரு மணி நேரத்தில் டர்போ விழித்துக்கொள்ள வாய்ப்பே வரவில்லை. வேகம் எங்கும் நாற்பதைத் தாண்டவில்லை. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. ஸ்போர்ட்டியான வண்டி என்பதால் பெட்ரோல் குடிக்கிறது என்று சொல்ல இங்கே ஸ்போர்ட்டியாக எதுவுமே நடக்கவில்லை. ஒன்றேகால் டன் இரும்பைப் பத்தடி நகர்த்தி, அந்த வேகத்தை அப்படியே பிரேக்கில் சூடாக்கி வீணடித்து, மறுபடி பத்தடி. மலை மேலே தூக்கிய எடைக்கு இறக்கத்தில் ஏதோ திரும்பி வந்தது. இங்கே பத்தடிக்கு ஒருமுறை கொடுப்பது பத்தடிக்கு ஒருமுறை போகிறது. நாமக்கல் வேட்டிக்காரரின் துறைமுக வரிசை எனக்கு மேடவாக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது.

10 செப்டம்பர், புதன்

சாயங்காலம் டேங்கை மறுபடி நிரப்பினேன். இந்த வாரம் ஆபீஸ், பால், பையனின் நீச்சல் வகுப்பு எல்லாம் சேர்த்து 70 கிலோமீட்டர், 8 லிட்டர். 8.75. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 55 காசு. கொல்லிமலை ஏறி இறங்கியதற்கு, திரையின் ஐந்து சதவீதத்தைக் கழித்த பிறகும், 9 ரூபாய் 10 காசு. ஏறக்குறைய இரண்டரை ரூபாய் குறைவாக, அருவியும் சேர்த்து.

மச்சினனுக்கு ஃபோன் செய்து இந்த வாரம் அவன் ஸ்விஃப்ட் ஊருக்குள் எவ்வளவு கொடுத்தது என்று கேட்டேன். அளந்து பார்த்ததில்லை, எப்படியும் இருபது இருக்கும் என்றான். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போகிறவன். டேங்கை நிரப்பி அளந்து பார் என்றேன். சிக்னல் சரியில்லை மாமா என்று வைத்துவிட்டான்.

11 செப்டம்பர், வியாழன்

சோதனைக்காக 6.40-க்கே புறப்பட்டேன். அதே பாதை, அதே தடுப்புகள், ஆள் இல்லை. பெரும்பாக்கம் தாண்டியபோது சில நொடிகளுக்கு இரண்டு சிலிண்டர் அறிவிப்புகூட வந்தது. ஊருக்குள் அதைப் பார்ப்பது அபூர்வம். 21 நிமிடம், 12.6. நேற்றுவரைக்கும் ஆனதைவிட அரை லிட்டர் குறைவு, அதாவது ஐம்பது ரூபாய் மிச்சம்.

ஆபீஸ் கேட் எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். காவலாளி வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வண்டியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, எவ்வளவு தருது சார் என்று கேட்டார். பன்னிரண்டரை என்றேன். நம்பவில்லை. எதிர்க்கடையில் பொங்கல், வடை, காப்பி. 95 ரூபாய்.